ஐந்தாவது கட்டில் இருந்த அட்டை

தம்பி,

நீ சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. வாரத்துக்கு மூன்று தடவை அம்மாவுக்குப் போன் பண்ணுகிறாய், அவள் அடுப்படியில் நின்று பேசுவது எனக்குக் கேட்கத்தான் செய்கிறது. உனக்குச் சளி பிடித்தது, கல்யாணத்துக்குப் பிறகு நீயும் அனுவும் குடியிருக்க இடப்பள்ளியில் பார்த்திருக்கும் வாடகை வீட்டில் காற்றே வராதது, எல்லாம் எனக்குத் தெரியும். என்னைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்பதில்லை என்பதும் தெரியும். போன வியாழக்கிழமை அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள், வேண்டுமென்றேதான் போட்டாள். "கல்யாணத்துக்கு அப்பா வர்றதப் பத்தி என்னடா சொல்றே?" என்று கேட்டாள். நீ முதலில் இருமினாய். பிறகு, "வரணும்னா வரட்டும்மா" என்றாய். நான் சாயா கிளாஸோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு வரியை நாலு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன், முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். நேரில் வந்தால் என் வாய் கெடுத்துவிடும். நல்லது சொல்ல வந்தாலும் நான் சண்டைக்கு வந்த மாதிரித்தான் இருக்கும், உனக்குத் தெரியாததா? எனக்கு எட்டாம் வகுப்பு வரைக்கும் சொல்லிக்கொடுத்த எழுத்து தமிழ்தான். உனக்கு மலையாளம்தான் கண்ணில் ஓடும், இதை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். பரவாயில்லை, மெதுவாகவே படி. பக்கத்தில் அனு இருந்தால் அவளுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு. ஒளித்து எழுத என்னிடம் இனி ஒன்றும் மிச்சமில்லை.

உன் பூதங்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அனு அதுகளைப் பாதிதான் பார்த்தாள், அதனால் அவளுக்காகக் கொஞ்சம் முதலிலிருந்தே சொல்கிறேன். நீ ஆறாம் வகுப்பில் இருக்கும்போது தொடங்கிய விளையாட்டு அது. கடையில் வாங்கியது இல்லை, நீங்களாக உண்டாக்கியது. நீ கதை சொல்வாய். உன் கூட்டாளி நிஸாரும் இன்னும் இரண்டு பையன்களும் வாள் வைத்திருக்கிற வீரர்கள். அவர்கள் போகிற வழியில் ஒரு பூதம் வரும். அதனிடமிருந்து தப்பிக்க லூடோ கட்டையை உருட்ட வேண்டும். பூதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை. அட்டையில் படம், படத்துக்குக் கீழே மலையாளத்தில் அதன் பேர், அதன் பலம், அது வருவதற்கு என்ன அடையாளம் என்பது. அந்த அட்டையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தது நான்தான். இதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன், விட்டுவிடு. அப்போது என்னைச் சாக்கடை ஓடை அள்ளுகிற வேலையிலிருந்து எடுத்து, கார்ப்பரேஷன் ஷெட்டில் குப்பை தரம் பிரிக்கிற இடத்தில் போட்டிருந்தார்கள். பழைய கல்யாணப் பத்திரிகை மூட்டை மூட்டையாக வரும். நல்ல தடித்த அட்டை, பின்பக்கம் சுத்த வெள்ளை. மீன் தண்ணி படாததாகப் பார்த்துப் பொறுக்கி, வெயிலில் காயவைத்துக் கொண்டு வருவேன். முன்பக்கம் யாரோ ஒரு ஜார்ஜுக்கும் மேரிக்கும் கல்யாணம், பின்பக்கம் நாலு கை முளைத்த பூதம்.

எங்கிருந்துதான் பிடித்தாயோ அதுகளை! ஓடைக்குள்ளே வாயை மட்டும் திறந்துவைத்துக் கிடக்கிற ஓடைவாயன், நான் சொன்ன வேலைக் கதையிலிருந்து வந்தவன். இஞ்சிக் கிடங்கில் மூட்டையோடு மூட்டையாக நிற்கிற சாக்குத்தலையன். வைப்பின் தீவுக்குப் போகிற ஜங்கார் படகை வண்டியும் ஆளுமாக விழுங்கிவிட்டு ஏப்பம் விடுகிற ஒன்று. கரையில் மீன் பிடிக்கிற சீனவலையில் தொங்குகிற சிலந்தி. ஒரு தடவை ஆள் குறைகிறது என்று என்னையும் உட்கார வைத்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? சாக்குத்தலையனிடம் நான் மாட்டிக்கொண்டேன். நான் உருட்டியதில் ஒன்றுதான் விழுந்தது. கை வழுக்கிவிட்டது என்று சொல்லி மறுபடி உருட்டப் போனேன். "உருட்டுனது உருட்டுனதுதான்ப்பா" என்று கட்டையைப் பிடுங்கிக்கொண்டாய். அன்று எனக்குக் கோபம் வரவில்லை. அப்படியும் சில நாள் இருந்தது நம் வீட்டில். அதையும் எங்கேயாவது ஒரு மூலையில் வைத்துக்கொள்.

முதலில் பூதங்களை எல்லாரும் பிரிக்கிற மாதிரித்தான் பிரித்துக் கட்டி வைத்தீர்கள். கொம்பு உள்ளது ஒரு கட்டு, சிறகு உள்ளது ஒரு கட்டு, தண்ணியில் கிடப்பது ஒரு கட்டு. எங்கள் ஷெட்டிலும் அதே மாதிரித்தானே, பால் கவர் ஒரு சாக்கு, குப்பி ஒரு சாக்கு, மருந்து அட்டை ஒரு சாக்கு. என் மகன் என் வேலையைப் பார்த்துக் கற்றுக்கொண்டான் என்றுகூட நினைத்தேன். பிறகு ஒரு நாள் எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிட்டு, புதிதாகப் பிரிக்க உட்கார்ந்தாய். நிஸாருக்குப் பொறுக்கவில்லை. "கொம்பெல்லாம் ஒண்ணாத்தானே இருக்கணும், நீ என்னடா எல்லாத்தையும் போட்டுக் குழப்புறே?" என்று கத்தினான். நீ தலையைத் தூக்காமலே, "கொம்ப வெச்சு என்ன செய்ய? அது வந்தா நாம என்ன பண்ணணும்னுதான் தெரியணும்" என்றாய். வெட்டினால் சாகும் என்பது முதல் கட்டு. தீனி போட்டால் போய்விடும், பேசினால் கேட்கும், ஓடினால் விட்டுவிடும், இப்படி நாலு கட்டு. ஐந்தாவது ஒன்று இருந்தது, அதற்கு என்ன பேர் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் குடிக்காத நாள் அது, நல்ல மனசோடு இருந்தேன். "அடேயப்பா, பெரிய சயின்டிஸ்ட்!" என்று உன் தலையில் தட்ட வந்தேன். நீ தலையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டாய். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

நான் குடியை விட்டு ஏழு வருஷம் ஆகிறது. நான் திருந்திவிட்டதாக உன் அம்மா கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அதெல்லாம் சும்மா. ரத்தமாக வாந்தி எடுத்தேன். "இனி ஒரு கிளாஸ் தொட்டா சேட்டன் இங்க வரவே வேண்டாம், நேரா சுடுகாட்டுக்குப் போயிக்கோ" என்று டாக்டரம்மா சொன்னாள். பயந்துபோய் விட்டேன், அவ்வளவுதான். நீ அப்போது காலேஜ் முதல் வருஷம். பயத்தில் விட்டாலும் விட்டது விட்டதுதானே என்று போகப் போக எனக்குள் ஒரு திமிர் வந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது, இனி இவன் என்னிடம் சகஜமாக இருக்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த ஓணத்துக்கு முன்னால் வெள்ளையடிக்க வீட்டைக் காலி பண்ணியபோது பரணிலிருந்து உன் தகர டின் இறங்கியது. வேலையைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்தேன். ஜங்கார் விழுங்கியைப் பார்த்து நானும் உன் அம்மாவும் அப்படிச் சிரித்தோம். அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். நான் ஐந்தாவது கட்டைப் பிரித்தேன். மேலே ஒரு துண்டுக் காகிதம், மலையாளத்தில் உன் எழுத்து, வாசிக்கிற அளவுக்கு எனக்கும் தெரியும்: "அசையாதே. அது தூங்கும்வரை." கட்டு என்று பேர்தான், உள்ளே இருந்தது ஒரே ஒரு அட்டை. கொம்பு இல்லை, வால் இல்லை, ஒரு ஆள் படம். காக்கிச் சட்டை, தோளில் துவர்த்துத் துண்டு. முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பென்சிலால் கிறுக்கிக் கிறுக்கிக் கறுப்பாக்கியிருந்தாய். பேர், "செருப்போடு வருவது". அடையாளம் எழுதுகிற இடத்தில், "செருப்பை வாசலில் கழற்றினால் பயமில்லை. கழற்றாமல் உள்ளே வந்தால் இதுதான்."

எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, தம்பி. நாங்கள் இரண்டு தலைமுறையாக மட்டாஞ்சேரி ஓடையில் நின்றவர்கள். செருப்பை வெளியே விட்டு, குழாயடியில் முழங்கால் வரைக்கும் கழுவாமல் வீட்டுக்குள்ளே கால் வைப்பதில்லை. என் அப்பா காலத்திலிருந்து அதுதான் வழக்கம். குடித்த நாளில் மட்டும் எனக்கு அது மறந்துபோகும். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் மறந்துதான் வந்தேன். அறை முழுக்க அட்டையைப் பரப்பி நீங்கள் விளையாடிக்கொண்டிருந்தீர்கள். நான் அதன் மேலேயே நடந்தேன். "அப்பா, செருப்பு" என்றாய். அதற்கு மேல் ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை. அந்தச் செருப்பைக் கழற்றி உன்னை அடித்தேன். உன் கூட்டுக்காரர்களுக்கு முன்னால், பன்னிரண்டு வயசுப் பிள்ளையை. உன் அம்மா ஓடிவந்து நடுவில் விழுந்தாள், அவளுக்கும் விழுந்தது. நிஸார் ஓவென்று அழுதான், நீ அழவில்லை. அதற்குப் பிறகு விளையாட்டு நிஸார் வீட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டது. ஏன் இங்கே விளையாடுவதில்லை என்று நான் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாயே என்ற பயம்.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அதோடு விட்டிருக்கலாம். என் கை சும்மா இருக்குமா? ஷெட்டில் பதினைந்து வருஷம் பழகிய கை. பால் கவர் சாக்கில் கண்ணாடிச் சில்லு கிடந்தால், பார்த்தவன் எடுத்துச் சரியான சாக்கில் போட வேண்டும், அதுதான் அங்கே சட்டம். யார் போட்டது என்று கேட்க வேண்டாம், யாரிடமும் சொல்லவும் வேண்டாம். இந்த அட்டையும் இடம் மாறிக் கிடக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஏழு வருஷமாகச் செருப்போடு உள்ளே வராத ஆளுக்கு இங்கே என்ன வேலை? எடுத்து மூன்றாவது கட்டில், பேசினால் கேட்கும் கட்டில் செருகி ரப்பர் பேண்ட் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், உனக்கு ஒரு நல்ல காரியம் பண்ணிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

திருவோணத்தன்று நீ அனுவை முதல்தடவையாக வீட்டுக்குக் கூட்டிவந்தாய். நீயே டின்னை இறக்கினாய். சிலந்தியைப் பார்த்து அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பில் உன் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். நாலு கட்டைக் காட்டினாய். ஐந்தாவதை எடுத்துப் பிரித்தாய். காகிதம் இருக்கிறது, அட்டை இல்லை. டின்னைக் கவிழ்த்தாய், ஒவ்வொரு கட்டாக மறுபடி பிரித்தாய், மூன்றாவதில் கண்டுபிடித்தாய். "இத யாரு எடுத்தது?" என்றாய். நான் இளித்துக்கொண்டு, "நான்தான்டா. அது இப்ப அங்கதானே இருக்கணும்?" என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். செருப்பால் அடித்த அன்றுகூட நீ என்னை அப்படிப் பார்த்ததில்லை. அட்டைகளை வாரி டின்னில் போட்டு மூடினாய். இலையில் உட்கார்ந்து பேருக்குக் கொறித்தாய், பாயசத்தைத் தொடவில்லை. நாலு மணி பஸ்ஸுக்கு இரண்டு பேரும் போய்விட்டீர்கள்.

"உங்க கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காதா?" என்று உன் அம்மா கேட்டாள். எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. "நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? ஏழு வருஷத்துக்கு ஒரு மதிப்பு இல்லையா இந்த வீட்டுல?" என்று அவளைத்தான் போட்டுக் கடித்தேன். நாலு மாசம் அந்தக் கோபத்திலேயே ஓடியது. நீயாகப் பேசட்டும், நான் ஏன் இறங்கிப் போக வேண்டும் என்று வீம்பு. கல்யாணத் தேதியே எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். "வரணும்னா வரட்டும்" என்று நீ சொன்னதைக் கேட்ட பிறகுதான் வீம்பெல்லாம் இறங்கியது. மறுநாள் நிஸாரைத் தேடிப் போனேன்.

அவன் இஞ்சிக் கிடங்கில் எடை போடுகிற இடத்தில் இருந்தான். என்னைப் பார்த்ததும் ஒரு மூட்டையைத் தட்டி உட்காரச் சொல்லி, சாயா வரவழைத்துக் கொடுத்தான். ஓணத்தன்று நடந்ததைச் சொல்லி, நீ ஏன் அப்படிக் கோபித்தாய் என்று கேட்டேன், முதலில் மழுப்பினான். நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "அங்கிளே, எங்க விளையாட்டுல ஒரு சட்டம் உண்டு" என்றான். "பூதத்த ஒரு கட்டுலேருந்து இன்னொண்ணுக்கு மாத்தலாம். எத்தனையோ மாத்தியிருக்கோம். ஆனா அதுகிட்ட அடி வாங்கினவன்தான் மாத்தணும். பூதம் தானா மாறிக்க முடியாது." அவனே மேலே சொன்னான், "அதுலயும் நீங்க மூணாவது கட்டுல கொண்டுபோய் வெச்சிருக்கீங்க. ஒரு தடவ அந்த அட்டை வந்தப்போ, நான் இதுகிட்டப் பேசிப் பாக்குறேன்னு சொல்லிக் கட்டைய உருட்டுனேன். ஆறு விழுந்துச்சு. ஆறு விழுந்தா ஜெயிச்ச மாதிரிதான். அவன் ஒத்துக்கல. பேசினா கேக்கும்டா, அழும், கட்டிப் பிடிச்சுக்கும், இனிமே வரமாட்டேன்னு சத்தியம் பண்ணும், மறுநாளும் செருப்போட வரும்னான்."

அந்தச் சத்தியமெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, தம்பி. உன் தலையில் கை வைத்துப் பண்ணியவை. நிஸார் தராசில் இருந்த மூட்டையை இறக்கி வைத்தான். "நீங்க ஏன் அங்கிளே தொட்டீங்க?" என்றான், திட்டுகிற மாதிரி இல்லை, பாவமாகக் கேட்டான். "ஓணத்துக்கு முந்தி எங்கிட்டச் சொன்னான், அனுவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், அஞ்சாவது கட்டப் பிரிக்கப் போறேன்னு. பிரிச்சு என்ன செய்ய நெனச்சான்னு எனக்குத் தெரியாது. நானும் கேக்கல."

எனக்கும் தெரியாது. இனிமேல் தெரியப் போவதுமில்லை. கிழித்துப் போட வந்தாயோ, அங்கேயே கிடக்கட்டும் என்று மறுபடி கட்டிவைக்க வந்தாயோ, இதுதான் என் அப்பா என்று அனுவிடம் காட்ட வந்தாயோ. எதுவாக இருந்தாலும் உன் கையால் நடந்திருக்க வேண்டியது. இத்தனை வருஷம் நீ யோசித்து யோசித்து வைத்திருந்ததை, வெள்ளையடிக்கிற சாக்கில் ஒரு மத்தியானத்தில் நான் கெடுத்துவிட்டேன். மன்னித்துவிடு என்று எழுதப் பேனாவை எடுத்தேன். அதையும் உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தபோது எழுத வரவில்லை.

வீட்டுக்கு வந்து அட்டையை எடுத்து ஐந்தாவது கட்டில் திருப்பி வைத்தேன். துண்டுக் காகிதத்தை மேலே வைத்து ரப்பர் பேண்டைப் போட்டேன். போட்டு முடித்த பிறகுதான் புத்தியில் ஏறியது, இதையும் உன்னைக் கேட்காமல்தான் பண்ணியிருக்கிறேன். மாற்றியதும் நான், திருப்பி வைத்ததும் நான். சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. கையாலாகாதவன் என்று சொல்வார்களே, என் விஷயத்தில் கை ஆகிக்கொண்டேதான் இருக்கிறது, அதுதான் கஷ்டம். டின்னை நிஸாரிடம் கொடுத்துவிடுகிறேன், இந்தக் கடிதமும் அதில்தான் இருக்கும். உள்ளே எது எங்கே இருக்க வேண்டுமோ நீ பார்த்துக்கொள். எரிக்க வேண்டுமென்றாலும் எரி.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பன் நாலு வார்த்தை சொல்வது வழக்கம். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நான் சொல்ல? குடிக்காதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, நீ தொடுவதே இல்லை என்று நிஸார் சொன்னான். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். என்றைக்காவது அனு உன்னைப் பார்த்து, அன்று நீ செருப்பு என்று சொன்ன மாதிரி, சின்னதாக ஒரு வார்த்தை சொல்வாள். நாளைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அது சொல்லும். எந்த வீட்டிலும் யாராவது சொல்லத்தான் செய்வார்கள். அப்போது நின்று உன் காலைக் குனிந்து பார். நான் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. வர வேண்டும் என்று எனக்கு உயிர் போகிற ஆசை, அதை மறைக்கவில்லை. எனக்கு நீ ஒருவன்தானே. ஆனால் வரணும்னா வரட்டும் என்றால் முடிவு என் கைக்கு வந்துவிடுகிறது. என் கையில் எதையும் கொடுக்காதே, தம்பி. நீயே சொல். வா என்றால் வந்து நீ காட்டுகிற நாற்காலியில் உட்காருகிறேன். வராதே என்றால் உன் அம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வருகிறேன், அவளிடம் முகம் சுளிக்கக்கூட மாட்டேன். ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை என்றால் அதுவும் உன் இஷ்டம். அன்று காலையில் குளித்து, அவள் இஸ்திரி போட்டு வைத்திருக்கிற வேட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருப்பேன். போன் பக்கத்திலேயே இருக்கும். முகூர்த்தம் முடிந்து கடைசிப் பந்தி போடுகிற நேரத்தில் கூப்பிட்டாலும் போதும், இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம்.

அப்பா